பிரெஞ்சு மொழியினரின் ஆங்கிலச் சொற்கல்வி வரலாறு

பிரெஞ்சு மொழியினரின் ஆங்கிலச் சொற்கல்வி என்பது, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஆங்கிலத்தின் சொல்வளத்தைக் கற்றுக்கொண்ட நீண்ட வரலாற்றைக் குறிக்கும். 1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்பில் தொடங்கும் இவ்வரலாறு அரசர்கள், ஏதிலிகள், நாடு கடத்தப்பட்டோர், பள்ளி ஆசிரியர்கள் எனப் பலரைக் கடந்து இன்றைய ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவர் வரை தொடர்கிறது.

ஆங்கிலம் கற்கும் பிற மொழியினர் பலருக்கு எளிய சொற்கள் முதலிலும் கடினச் சொற்கள் பின்னரும் வசமாகின்றன. பிரெஞ்சு மொழியினருக்கு இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாக அமைகிறது. சட்டம், அரசியல், தத்துவம், அறிவியல் ஆகிய துறைகளின் உயர்நிலை ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி அவர்களுக்கு முன்பே அறிமுகமானது. வீடு, வயல், தெரு ஆகியவற்றின் சிறு சொற்களே அவர்களுக்கு அயலானவை. அறிமுகமான சொற்களிலும் பல, தோற்றத்தில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருக்கின்றன. தெரிந்த சொல் என்று நம்பியதை மீண்டும் கற்க வேண்டியிருப்பதே இக்கல்வியின் தனித்தன்மையாகும்.

நார்மானியர் காலம்

1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசரான நார்மண்டிக் கோமகன் முதலாம் வில்லியம், ஆங்கிலம் கற்க முயன்ற பிரெஞ்சு மொழியினருள் மிகப் பழைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆவார். மொழிபெயர்ப்பாளர் உதவியின்றிக் குடிமக்களின் முறையீடுகளைக் கேட்டுத் தீர்ப்பளிக்க அவர் ஆங்கிலம் பயின்றார் என்றும், வயதும் அரசப் பணிகளும் தடையானதால் அம்முயற்சி நிறைவேறவில்லை என்றும் வரலாற்றாசிரியர் ஆர்டெரிக் விட்டாலிஸ் எழுதியுள்ளார். ஆர்டெரிக்கின் வாழ்க்கை இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. இங்கிலாந்தில் 1075இல் பிறந்த அவர், பத்து வயதில் நார்மண்டியிலுள்ள மடாலயம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, மொழி புரியாத சிறுவனாக அங்கே போய்ச் சேர்ந்தவர்.

வில்லியமுக்குப் பின் வந்த அரசர்களும் பிரபுக்களும் பல தலைமுறைகளுக்கு ஆங்கிலம் கற்க வேண்டிய தேவையின்றியே வாழ்ந்தனர். அரசவை, நீதிமன்றம், கோட்டை ஆகியவற்றின் மொழி பிரெஞ்சாகவே இருந்தது. 1204இல் இங்கிலாந்து அரசர் ஜான் நார்மண்டியை இழந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. கடலின் இருபுறமும் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் ஏதேனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. இங்கிலாந்தில் தங்கியவர்களின் பிள்ளைகள் செவிலியரிடமும் பணியாட்களிடமும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தனர். 13ஆம் நூற்றாண்டில் வால்ட்டர் ஆஃப் பிப்ஸ்வொர்த் என்பவர், நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுச் சொற்களைக் கற்பிக்கவே ஒரு செய்யுள் நூல் எழுத வேண்டியிருந்தது. அந்நூலின் வரிகளுக்கிடையே ஆங்கிலப் பொருள் தரப்பட்டது. வெற்றி பெற்றவர்களின் வீட்டிலேயே பிரெஞ்சு பாடமாகிவிட்டதை இது காட்டுகிறது. 1362இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் வாசகம் பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது.

இடைக்கால ஆங்கிலத்தில் சுமார் 10,000 பிரெஞ்சுச் சொற்கள் புகுந்ததாக மொழி வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். இவை படையெடுப்பு நடந்த உடனே வந்தவை அல்ல. 1250க்கும் 1400க்கும் இடைப்பட்ட காலத்திலேயே, அதாவது பிரெஞ்சு பேசிய மேல்தட்டு மக்கள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோதே, இச்சொற்களின் வரவு உச்சத்தை எட்டியது. ஆங்கிலம் பேசத் தொடங்கியவர்கள், தமக்கு ஆங்கிலச் சொல் தெரியாத இடத்திலும் அது போதாத இடத்திலும் தம் பழைய சொல்லையே வைத்துப் பேசினர். அவர்களுக்குக் கீழிருந்தவர்கள் அதைப் பின்பற்றினர். இன்று கடன் சொற்கள் என அகராதிகள் குறிப்பவற்றில் கணிசமான பகுதி, பிரெஞ்சு மொழியினர் ஆங்கிலம் கற்றபோது கைவிடாமல் உடன் கொண்டுவந்தவை ஆகும்.

இரண்டு அடுக்குச் சொல்வளம்

இக்கலப்பின் விளைவாக ஆங்கிலச் சொல்வளம் இரண்டு அடுக்குகளாக அமைந்தது. தொழுவத்தில் நிற்கும் விலங்குகளுக்குக் 'கௌ', 'ஷீப்', 'ஸ்வைன்' என்ற பழைய ஆங்கிலப் பெயர்களும், அவற்றின் இறைச்சிக்குப் 'பீஃப்', 'மட்டன்', 'போர்க்' என்ற பிரெஞ்சு வழிப் பெயர்களும் நிலைத்தன. 17ஆம் நூற்றாண்டில் ஜான் வாலிஸ் தம் இலக்கண நூலில் இதைக் குறிப்பிட்டார். வால்ட்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' புதினம் 1819இல் வெளிவந்த பின் இது பரவலாக அறியப்பட்டது.

வினைச்சொற்களிலும் இதே இணைகள் காணப்படுகின்றன. தொடங்குவதற்குப் 'பிகின்' என்பது பழைய ஆங்கிலச் சொல், 'கமென்ஸ்' பிரெஞ்சு வழிச் சொல். கேட்பதற்கு 'ஆஸ்க்' எனவும், அதையே அலுவல் முறையில் செய்வதற்கு 'இன்டெராகேட்' எனவும் சொற்கள் உள்ளன. ஆங்கிலேயச் சிறுவன் இவற்றில் முதற்சொல்லை வீட்டிலும் இரண்டாவதைப் பள்ளியிலும் கற்கிறான். பிரெஞ்சு மாணவன் இரண்டாவதைப் பார்த்தவுடன் அறிந்துகொண்டு, முதலாவதைப் புதிதாக மனப்பாடம் செய்கிறான்.

சில பிரெஞ்சுச் சொற்கள் இரு முறை ஆங்கிலத்துக்குள் வந்தன. நார்மண்டிப் பகுதியின் வழக்கிலிருந்து வந்த 'வார்டன்', 'வாரண்டி' ஆகியவையும், மத்தியப் பிரான்சின் வழக்கிலிருந்து வந்த 'கார்டியன்', 'கேரண்டி' ஆகியவையும் இன்றும் வெவ்வேறு பொருளில் அருகருகே வழங்குகின்றன. வேறு சில சொற்கள் ஆங்கிலத்துக்குச் சென்று உருமாறிப் பிரெஞ்சுக்கே திரும்பின. சிறு தோல்பையைக் குறித்த 'பூழெத்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல், ஆங்கிலத்தில் 'பட்ஜெட்' ஆகி, நிதித் திட்டம் என்ற பொருளுடன் பிரான்சுக்கு மீண்டது. இன்று தமிழ்ப் பேச்சிலும் புழங்கும் 'டிக்கெட்' என்ற சொல்லும் இவ்வாறே கடலை இருமுறை கடந்ததாகும்.

இந்த அடுக்குகளின் அளவு குறித்து 1973இல் தாமஸ் ஃபிங்கென்ஸ்டெட், டீட்டர் வோல்ஃப் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுமார் 80,000 சொற்களைக் கொண்ட ஆக்ஸ்போர்டு சுருக்க அகராதி ஒன்றை அவர்கள் ஆராய்ந்தனர். அதில் பிரெஞ்சு வழி வந்தவை ஏறத்தாழ 28 விழுக்காடு, இலத்தீன் வழி வந்தவை ஏறத்தாழ அதே அளவு, பழைய ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மூலம் கொண்டவை ஏறத்தாழ 25 விழுக்காடு என்று கண்டனர். அகராதியில் சிறுபான்மையான அந்த ஜெர்மானியச் சொற்களே பேச்சில் பெரும்பான்மையாக ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் பயன்படும் முதல் நூறு சொற்களில் ஏறக்குறைய அனைத்தும் அந்த அடுக்கைச் சேர்ந்தவை.

ஏதிலியரும் முதல் பாடநூல்களும்

16ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் ஆங்கிலம் கற்க விரும்பியவர்கள் மிகக் குறைவு. தீவுக்கு வெளியே அம்மொழியால் பயன் ஏதும் இருக்கவில்லை. ஆங்கிலேயர்கள்தாம் பிரெஞ்சு கற்றனர். பிரான்சின் மதப் போர்கள் இதை மாற்றின. 1572இல் நடந்த புனித பர்த்தலோமியு நாள் படுகொலையைத் தொடர்ந்து, யூகெனோக்கள் எனப்பட்ட பிரெஞ்சுப் புரோட்டஸ்டண்டுகள் பலர் கால்வாயைக் கடந்து இலண்டன், கேன்டர்பரி, சவுத்தாம்ப்டன் முதலிய நகரங்களில் குடியேறினர். நெசவு, கடிகாரம் செய்தல், பொற்கொல்லு போன்ற தொழில்களில் வல்லவரான இவர்களுக்கு, அன்றாட வாழ்வு நடத்த ஆங்கிலம் உடனடியாகத் தேவைப்பட்டது.

இவர்களுக்காக எழுதியவர்களுள் முன்னோடி, நார்மண்டியின் கான் நகரிலிருந்து வந்த ஜாக் பெல்லோ ஆவார். ஆங்கிலத்தை அயலாருக்குக் கற்பிக்கும் ஆசிரிய நூல் ஒன்றை அவர் 1580இல் வெளியிட்டார். 1586இல் அவரது உரையாடல் நூல் வெளிவந்தது. காலையில் எழுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, சந்தையில் கோழியும் மீனும் துணியும் வாங்குவது, விருந்தினருடன் உண்பது ஆகிய சூழல்களில் அதன் உரையாடல்கள் அமைந்தன. பக்கங்கள் மூன்று பத்திகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒன்றில் ஆங்கிலம், மற்றொன்றில் பிரெஞ்சு, இன்னொன்றில் அதே ஆங்கிலம் பிரெஞ்சுக்காரர் வாசித்தால் சரியாக ஒலிக்கும் வகையில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தரப்பட்டது.

பெல்லோவின் தேர்வு கவனிக்கத்தக்கது. சட்டமும் இறையியலும் சார்ந்த சொற்களைக் கற்பிப்பதில் அவர் இடத்தைச் செலவிடவில்லை. அவற்றை ஏதிலியர் ஒருவாறு ஊகித்துக்கொள்ள முடியும். இறைச்சிக் கடைக்காரரிடம் விலை பேசவும் பேரம் மறுக்கவும் வேண்டிய சொற்களை எந்தப் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தும் ஊகிக்க முடியாது. அவை தெரியாமல் அயல்நாட்டில் ஒரு நாளும் கழியாது.

1685இல் பதினான்காம் லூயி, புரோட்டஸ்டண்டுகளுக்கு உரிமை வழங்கியிருந்த நாந்த் ஆணையை நீக்கியபோது இரண்டாவது பெரும் அலை வந்தது. இங்கிலாந்துக்கு மட்டும் 40,000 முதல் 50,000 வரையிலானோர் வந்தனர் என மதிப்பிடப்படுகிறது. ஏதிலியைக் குறிக்கும் 'ரெஃப்யூஜி' என்ற ஆங்கிலச் சொல் இவர்களைக் குறிக்கவே பிரெஞ்சிலிருந்து எடுக்கப்பட்டது. ஆங்கிலம் கற்க வந்தவர்கள் தம்மைக் குறிக்கும் சொல்லையே அம்மொழிக்குக் கொடுத்தனர். அதே 1685ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த கீ மியேஜ், பிரெஞ்சு மொழியினர் ஆங்கிலம் கற்பதற்கான புதிய முறை நூலை வெளியிட்டார். தென்பிரான்சின் காஸ்த்ர் நகரில் பிறந்து 1689இல் இங்கிலாந்து சேர்ந்த அபேல் புவாயே, 1699இல் 'அரச அகராதி' என்ற பெயரில் பிரெஞ்சு–ஆங்கிலம், ஆங்கிலம்–பிரெஞ்சு என இரு பகுதிகள் கொண்ட அகராதியைத் தொகுத்தார். அடுத்த நூற்றாண்டு முழுவதும் பல பதிப்புகள் கண்ட இந்நூல், இரு மொழியினருக்கும் வழக்கமான துணையாயிற்று.

வோல்ட்டேர்

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தின் மதிப்பு உயர்ந்தது. நியூட்டன், லாக் ஆகியோரின் சிந்தனைகளை மூலத்தில் படிக்கும் ஆர்வம் பிரான்சில் பிறந்தது. இம்மாற்றத்தில் பெரும்பங்கு எழுத்தாளர் வோல்ட்டேருக்கு உண்டு. ரோஹான் என்ற பிரபுவுடன் ஏற்பட்ட பிணக்கால் பாஸ்டில் சிறையில் அடைக்கப்பட்ட அவர், நாட்டை விட்டு வெளியேறச் சம்மதித்து 1726இல் இங்கிலாந்து வந்தார். அப்போது அவருக்கு வயது 31. பேச்சு ஆங்கிலம் அவருக்கு வசப்பட்டிருக்கவில்லை.

இலண்டனுக்கு அருகே வான்ஸ்வொர்த்தில் எவரார்ட் ஃபாக்னர் என்ற வணிகரின் வீட்டில் தங்கி அவர் மொழியைப் பயின்றார். ட்ரூரி லேன் நாடக அரங்குக்கு அடிக்கடி சென்றார். அங்கே நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் பணியிலிருந்த வில்லியம் செட்வுட், நாடகத்தின் கைப்பிரதியை அவருக்குக் கொடுத்து உதவினார். கையில் எழுத்தையும் காதில் ஒலியையும் ஒருங்கே வைத்துக்கொண்டு வோல்ட்டேர் சொற்களைப் பிடித்தார். தம் குறிப்பேடுகளையும் ஆங்கிலத்திலேயே எழுதத் தொடங்கினார்.

1727இல் பிரான்சின் உள்நாட்டுப் போர்கள் பற்றியும் ஐரோப்பியக் காப்பியங்கள் பற்றியும் இரு கட்டுரைகளை அவர் நேரடியாக ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். வந்து ஒன்றரை ஆண்டே ஆன ஒருவரிடமிருந்து வந்த இந்நூல் வியப்பை ஏற்படுத்தியது. அம்மொழியைத் தம்மால் ஒலிக்க இயலவில்லை என்றும், உரையாடலில் அரிதாகவே புரிந்துகொள்ள முடிகிறது என்றும் அதன் முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டார். காப்பியம் பற்றி ஆங்கிலத்தில் வாதிட முடிந்த ஒருவருக்குத் தெருப்பேச்சு எட்டவில்லை என்பது முரண்பாடு போலத் தோன்றலாம். ஆங்கிலத்தின் இரண்டு அடுக்குகளை நினைவிற்கொண்டால் அது எதிர்பார்க்கத்தக்கதே. இலக்கியத் திறனாய்வின் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சும் இலத்தீனும் தந்தவை. படகோட்டியும் சந்தைக்காரியும் பேசியவை அப்படிப்பட்டவை அல்ல.

அவரது இங்கிலாந்துக் கடிதங்கள் 1733இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும், 1734இல் பிரெஞ்சிலும் வெளிவந்தன. பாரிஸ் உயர் நீதிமன்றம் அந்நூலை எரிக்க ஆணையிட்டது. இதன் பின் ஆங்கிலம் படிப்பது பிரான்சில் ஒரு சிந்தனைப் போக்கின் அடையாளமாகவும் மாறியது.

செயின்ட் எலினாவில் ஒரு மாணவர்

1815இல் வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் போனபார்ட், தென் அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள செயின்ட் எலினா தீவில் சிறை வைக்கப்பட்டார். அவருடன் சென்ற லாஸ் காஸ், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இலண்டனில் அடைக்கலம் புகுந்து ஆங்கிலம் கற்றவர். தீவுக்கு வந்த ஆங்கிலச் செய்தித்தாள்களைப் பிறர் உதவியின்றிப் படிக்க வேண்டும் என்பதே நெப்போலியனின் நோக்கம். ஐரோப்பாவின் அரசியல் நிலையையும் தம்மைப் பற்றிய பேச்சையும் அறிய அவருக்கு வேறு வழி குறைவாகவே இருந்தது.

1816 சனவரியில் பாடங்கள் ஒழுங்காகத் தொடங்கின. நெப்போலியன் பிரெஞ்சு வாக்கியங்களை எழுதி அவற்றின் கீழே ஆங்கிலத்தில் பெயர்த்த பயிற்சித் தாள்கள் சில இன்றும் எஞ்சியுள்ளன. அவ்வாண்டு மார்ச்சில் லாஸ் காசுக்கு அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறு கடிதமும் எழுதினார். அவரது ஆங்கிலத்தில் பிரெஞ்சு வாக்கிய அமைப்பும் எழுத்துப்பிழைகளும் நிறைந்திருந்தன. செய்தித்தாளைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு முன்னேறினாலும், சொற்களைத் தம் போக்கிலேயே ஒலித்தார் என லாஸ் காஸ் பதிவு செய்துள்ளார். இரகசியக் கடிதம் அனுப்ப முயன்றதாக லாஸ் காஸ் கைது செய்யப்பட்டு 1816 இறுதியில் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டதால் பாடங்கள் நின்றன.

ஸ்தெஃபான் மலார்மே

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளிகளின் பாடமாக நிலைபெற்றது. அப்பணியில் சேர்ந்தவர்களுள் இன்று மிகப் புகழ்பெற்றவர் கவிஞர் ஸ்தெஃபான் மலார்மே (1842–1898). எட்கர் ஆலன் போவின் கவிதைகளை மூலத்தில் படிக்கவே ஆங்கிலம் கற்றதாகக் கூறிய அவர், 1862இல் இலண்டன் சென்றார். ஆசிரியத் தகுதி பெற்று 1863 முதல் துர்னோன், பெசான்சோன், அவின்யோன், பாரிஸ் ஆகிய இடங்களில் 1893 வரை கற்பித்தார். வகுப்பைக் கட்டுப்படுத்துவதில் அவர் திறமையானவர் அல்லர். கல்வி ஆய்வாளர்களின் அறிக்கைகள் அவருக்குச் சாதகமாக இல்லை.

1877ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த 'ஆங்கிலச் சொற்கள்' என்ற அவரது நூல், பள்ளிக்கும் பொதுவாசகருக்கும் உரிய சிறு மொழிநூல் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. பிரெஞ்சு மாணவருக்கு அயலான ஜெர்மானிய அடுக்குக்கு அதில் பெரும் இடம் தரப்பட்டது. அச்சொற்களை அவர் முதலெழுத்தின்படி தொகுத்தார். ஒரே மெய்யெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கிடையே பொருள் உறவு உண்டு என்று எண்ணி, அவற்றைக் குடும்பங்களாக நினைவிற்கொள்ள வழி காட்டினார். மொழியியல் நோக்கில் அவரது கருத்துகள் பல ஏற்கத்தக்கவை அல்ல. எனினும், உறவில்லாச் சொற்களுக்கிடையே ஏதேனும் ஓர் உறவை அமைத்துக் கொடுத்தால்தான் மாணவர் மனத்தில் அவை தங்கும் என்ற ஆசிரியரின் தேவையிலிருந்து அம்முறை பிறந்தது.

ஒலிப்பு எழுத்துகள்

அறிமுகமான சொற்களிலும் பிரெஞ்சு மொழியினருக்கு ஒரு தடை எஞ்சியிருந்தது. எழுத்தில் கண்டவுடன் புரியும் சொல், ஆங்கிலேயர் வாயில் அடையாளம் தெரியாமல் போகும். பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் இறுதியில் விழும். ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல் இடம் மாறும். அழுத்தம் பெறாத உயிரொலிகள் தேய்ந்துவிடும். 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையிலும், 'போட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாம் அசையிலும், 'போட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுவது இதற்கு எடுத்துக்காட்டு.

பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்த போல் பாசி (1859–1940) இச்சிக்கலைத் தீர்க்க, எழுத்துக்கூட்டலை ஒதுக்கி ஒலிகளை மட்டும் குறிக்கும் எழுத்துமுறையைக் கையாண்டார். 1886இல் பாரிசில் அவர் தலைமையில் மொழி ஆசிரியர்களின் சிறு சங்கம் தொடங்கப்பட்டது. அச்சங்கம் 1888இல் வெளியிட்ட எழுத்துத் தொகுதி, இன்று உலகெங்கும் அகராதிகளில் பயன்படும் பன்னாட்டு ஒலிப்பியல் எழுத்துமுறையின் முதல் வடிவமாகும். பெல்லோவின் மூன்று பத்திகளில் இருந்த அதே தேவை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அறிவியல் வடிவம் பெற்றது.

1902ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம், பிரெஞ்சுப் பள்ளிகளில் நேர்முறையைக் கட்டாயமாக்கியது. பிரெஞ்சின் துணையின்றி, பொருளையும் படத்தையும் செயலையும் காட்டி ஆங்கிலச் சொல்லைக் கற்பிப்பது இம்முறையாகும். வகுப்பறையிலுள்ள மேசை, சன்னல் போன்றவற்றுக்கு இது பொருந்தியது. கண்ணால் காட்ட முடியாத உயர்நிலைச் சொற்களுக்கு வந்தபோது மாணவர்கள் மனத்துக்குள் பிரெஞ்சையே நாடினர்.

போலி நண்பர்கள்

1928இல் மாக்சிம் கெஸ்லர், ழூல் தெரொக்கின்யி ஆகிய இருவரும் ஆங்கிலச் சொற்களின் துரோகங்களைப் பற்றி மொழிபெயர்ப்பாளர்களுக்காக ஒரு நூல் வெளியிட்டனர். இரு மொழிகளில் ஒரே வடிவமும் வேறு பொருளும் கொண்ட சொற்களை அதன் தலைப்பில் 'ஃபோ-சாமி', அதாவது 'போலி நண்பர்கள்' என்று அவர்கள் அழைத்தனர். இப்பெயர் பல மொழிகளில் மொழியியற் கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது.

இவ்வகைச் சொற்களின் இயல்பைத் தமிழர் எளிதில் உணர இயலும். தமிழில் தண்டனையைக் குறிக்கும் 'சிட்சை', இந்தியில் 'சிக்ஷா' என ஒலித்துக் கல்வியைக் குறிக்கிறது. தமிழில் சமயச் சொற்பொழிவான 'உபன்யாசம்' இந்தியில் புதினமாகிறது. இரண்டும் சமற்கிருத மூலம் கொண்டவை. மலையாளத்தில் 'வெள்ளம்' என்பது குடிக்கும் தண்ணீர்.

பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலான சில எடுத்துக்காட்டுகள் வருமாறு:

'லிப்ரெரி' என்பது பிரெஞ்சில் புத்தகக் கடை. 'லைப்ரரி' ஆங்கிலத்தில் நூலகம்.

'ஆக்துயெல்மான்' என்பது பிரெஞ்சில் 'தற்போது'. 'ஆக்சுவலி' ஆங்கிலத்தில் 'உண்மையில்'.

'எவான்துயெல்மான்' என்பது பிரெஞ்சில் 'நேர்ந்தால்'. 'இவென்சுவலி' ஆங்கிலத்தில் 'இறுதியில்'.

'தெசெப்சியோன்' என்பது பிரெஞ்சில் ஏமாற்றம் அடைதல். 'டிசெப்ஷன்' ஆங்கிலத்தில் பிறரை ஏமாற்றுதல்.

'தெமாந்தே' என்பது பிரெஞ்சில் கேட்பது. 'டிமாண்ட்' ஆங்கிலத்தில் வற்புறுத்திக் கோருவது.

'இன்யோரே' என்பது பிரெஞ்சில் அறியாதிருப்பது. 'இக்னோர்' ஆங்கிலத்தில் அறிந்தும் பொருட்படுத்தாதிருப்பது.

இறுதி மூன்றும் வெறும் பொருள் பிழையோடு நிற்பதில்லை. பணிவாக ஒன்றைக் கேட்டவர் மிரட்டியவராகிறார். தெரியாது என்று ஒப்புக்கொண்டவர் அலட்சியம் செய்தவராகிறார். ஏமாந்தவர் ஏமாற்றியவர் ஆகிறார். தொடக்கநிலை மாணவர் தடுமாறினால் கேட்பவர் அதை மொழிக் குறையாக எடுத்துக்கொள்வார். சரளமாகப் பேசுபவரின் வாயில் இச்சொற்கள் வந்தால் அது குணக் குறையாகக் கொள்ளப்படும். எனவே உயர்நிலை மாணவருக்கே இவற்றால் ஆபத்து மிகுதி.

இச்சொற்களில் பல, தவறான கடன்கள் அல்ல. 16ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மோந்தேன் தம் சொந்த நூலகத்தை 'லிப்ரெரி' என்றே குறித்தார். பிற்காலப் பிரெஞ்சில் அப்பொருளுக்குக் கிரேக்க மூலம் கொண்ட 'பிப்லியோதெக்' நிலைத்து, பழைய சொல் கடைக்குரியதாயிற்று. ஆங்கிலமோ பழைய பொருளையே காத்து வைத்திருந்தது. 'டிசெப்ஷன்' என்ற சொல்லும் இத்தகையதே. பிரெஞ்சு மாணவர் இங்கே சந்திப்பது, தம் முன்னோர் விட்டுச்சென்ற பழைய பிரெஞ்சை ஆகும்.

இருபதாம் நூற்றாண்டில்

1929இல் அல்ஃபோன்ஸ் ஷெரெல் 'அசிமில்' நிறுவனத்தைத் தொடங்கி, சிரமமின்றி ஆங்கிலம் கற்பதற்கான நூலை வெளியிட்டார். நாளொன்றுக்குச் சிறிது நேரம் உரையாடலைப் படித்து, விதிகளை மனப்பாடம் செய்யாமல் மொழியை உள்வாங்குவது அதன் முறை. ஒரு தையல்காரரின் செல்வ நிலையைக் கூறும் அதன் முதற்பாட வாக்கியம், பிரான்சில் பாமரரும் அறிந்த நகைச்சுவைத் தொடராகிவிட்டது.

கனடாவில் இச்சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. கியூபெக் மாநிலத்தின் பிரெஞ்சு மொழியினர் நெடுங்காலம் ஆங்கிலமே மேலோங்கிய வணிகச் சூழலில் பணிபுரிந்தனர். அங்கே போலி நண்பர்கள் எதிர்த்திசையிலும் செயல்பட்டன. 'எவான்துயெல்மான்' என்ற பிரெஞ்சுச் சொல்லையே 'இறுதியில்' என்ற ஆங்கிலப் பொருளில் வழங்குவது போன்ற மாற்றங்கள் ஏற்பட்டன. மொழி அமைப்புகள் இவற்றைப் பொருள்வழி ஆங்கிலக் கலப்பு எனக் குறித்து, தவிர்க்க அறிவுறுத்துகின்றன. கனடாவில் கற்பித்த ழான்-போல் வினே, ழான் தார்பெல்னே ஆகியோர் 1958இல் வெளியிட்ட பிரெஞ்சு–ஆங்கில ஒப்பீட்டு நடையியல் நூல், தனிச்சொல்லுக்குத் தனிச்சொல் தேடுவதைக் கைவிட்டு, ஒவ்வொரு மொழியும் ஒரு சூழலை எப்படிச் சொல்கிறது எனக் காணுமாறு வலியுறுத்தியது. மொழிபெயர்ப்பியலில் அது இன்றும் அடிப்படை நூல்களுள் ஒன்று.

இன்றைய நிலை

2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட், பல்கலைக்கழக நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களின் பட்டியலை வெளியிட்டார். உலகெங்கும் உயர்நிலை ஆங்கிலம் கற்போர் இதைப் பயன்படுத்துகின்றனர். இச்சொற்களில் பெரும்பாலானவை இலத்தீன், கிரேக்க மூலம் கொண்டவை என்பதால், பிரெஞ்சு மாணவர் அவற்றில் பெரும்பகுதியைப் பார்த்தவுடன் அறிந்துகொள்கிறார்.

அவருக்கு வேண்டிய பட்டியல் வேறு. தள்ளிப்போடுவதற்குப் 'புட் ஆஃப்', பொறுத்துக்கொள்வதற்குப் 'புட் அப் வித்', கைவிடுவதற்குக் 'கிவ் அப்', கண்டறிவதற்கு 'ஃபைண்ட் அவுட்' என, சிறு வினைகளோடு சிறு துணைச்சொற்கள் சேர்ந்து பிறக்கும் தொடர்வினைகளே அவரைத் திணறச் செய்கின்றன. அவற்றுக்கு ஈடாக 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'அபாண்டன்', 'டிஸ்கவர்' ஆகியவை அவர் நாவில் தாமாக வருகின்றன. இலக்கணப்படி இவற்றில் பிழையில்லை. ஆனால் நண்பரின் வீட்டு விருந்தில் இவற்றையே பேசுபவர், அரசாணையை வாசிப்பவர் போல ஒலிக்கிறார். ஆங்கிலேயரின் செவியில் இத்தகைய சொற்கள் நெடுங்காலமாக அரண்மனையோடும் நீதிமன்றத்தோடும் தொடர்புடையவை.

இதனால் பிரெஞ்சு மொழியினருக்கான இக்காலப் பாடநூல்கள் மூன்று பகுதிகளில் கவனம் செலுத்துகின்றன. அறிமுகமான சொல்லின் ஒலியை மீளக் கற்பது முதலாவது. போலி நண்பர்களைப் பிரித்தறிவது இரண்டாவது. கற்றோர் மொழியிலிருந்து வீட்டு மொழிக்கு இறங்கிவருவது மூன்றாவது. மூன்றாவதே மிக அதிக காலம் எடுப்பது. குடிமக்களின் முறையீட்டைக் கேட்க விரும்பிய வில்லியம் கற்க முயன்றதும், இறைச்சிக் கடைக்கு அனுப்ப வேண்டியவர்களுக்குப் பெல்லோ கற்பித்ததும் அந்த மூன்றாவது பகுதியையே ஆகும்.